உதட்டோரக் கொப்புளம்: வெட்கம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள்தான் இருக்கும். உதட்டின் ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு. மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்தால் சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக நிற்கும். "இரவு ஏதோ பூச்சி கடிச்சுப் போட்டுது" என்பார் அம்மா. பூச்சி அல்ல. ஹேர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் முதலாம் வகைதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

பெயரைக் கேட்டதும் பாலியல் நோயோ என்று எம்மவர் பலர் முகம் சுளிப்பதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம், இந்த வைரஸ் இருக்கிறது. அநேகமாகச் சிறுவயதில் யாரோ ஆசையாகக் கொஞ்சியபோது தொற்றியது. பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளமும் வருவதில்லை.

வந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகாது. முகத்து நரம்பின் முடிச்சொன்றில் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், களைப்பு, மனஅழுத்தம், மாதவிடாய், கடும் வெயில் இவற்றில் ஏதாவது அதை எழுப்பிவிடும். கோடையில் தேர்த்திருவிழாவில் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்தபின் சிலருக்கு வருவது இதனால்தான். உதட்டுக்கும் வெயில் காப்புப் பூச்சு உண்டு, பூசிக்கொண்டு போகலாம்.

பத்து நாளில் மாறிவிடும் புண்தான். ஆனால் அடிக்கடி வருபவரைக் கேட்டுப் பாருங்கள். சாப்பிட எரியும், சிரித்தால் வெடிக்கும். புகைப்படத்துக்கு நிற்க மாட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாவார்கள். "என்ன வாயில?" என்று நாலு பேர் கேட்பதற்குப் பயந்தே வீட்டோடு இருந்துவிடுபவர்களும் உண்டு. நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாலே பெரிய உதவி.

ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். பிறந்து நான்கு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த வைரஸ் உயிராபத்தானது. தாய்க்கு முன்பு இத்தொற்று வந்திராவிட்டால் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியும் கிடைத்திராது. 31ஆம் நாள் துடக்குக் கழிக்கும்வரை வெளியார் வந்து தூக்காமல் வைத்திருந்த எங்கள் வழக்கம் இந்த இடத்தில் நல்ல வழக்கமே. உதட்டில் புண் உள்ளவர் பெரியம்மாவானாலும் சரி, அப்பம்மாவானாலும் சரி, முத்தமிடக் கூடாது. கோபித்தால் கோபிக்கட்டும். பச்சைக் குழந்தை பால் குடிக்காமல், சோர்ந்து, காய்ச்சலோடு இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எக்சிமா உள்ள பிள்ளைகளிடமும் இதே கவனம் தேவை.

புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் பரவினால் பார்வையே பாதிக்கப்படலாம். காயும்வரை கோப்பை, துவாய், லிப்ஸ்டிக் ஆகியவற்றைப் பகிர வேண்டாம். முத்தத்தையும் வாய்வழி உறவையும் தவிருங்கள்.

பற்பசை, சுண்ணாம்பு தடவுவதால் எரிச்சல்தான் மிச்சம். அசைக்ளோவிர் கிறீமை குறுகுறுப்புத் தொடங்கும்போதே பூசினால் ஓரளவு பலன் தரும். கொப்புளம் வெடித்தபின் பூசிப் பெரிய பயனில்லை. அடிக்கடி வந்தாலோ, பத்து நாளில் ஆறாவிட்டாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தாலோ குடும்ப வைத்தியரிடம் மாத்திரை பற்றிக் கேளுங்கள்.