வாய்க்கால் கசிவும் கூகுளில் சிக்காத ஆய்வுகளும்

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற பேச்சு கோபிசெட்டிபாளையம் டீக்கடைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ரூ.700 கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்ட சீரமைப்புத் திட்டம் அது. கான்கிரீட் போட்டால் கசிவுநீர் நின்று கிணறுகள் வற்றிவிடும் என்கிறது ஒரு தரப்பு. போடாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது என்கிறது இன்னொரு தரப்பு. கசிகிற தண்ணீர் எங்கே போகிறது, யாராவது அளந்திருக்கிறார்களா என்று கூகுளில் கேட்டால் உண்ணாவிரதச் செய்தியும் அமைச்சர் பேட்டியும் யூடியூப் காணொளிகளும் வரிசை கட்டுகின்றன. பலர் பார்ப்பதும் பலர் இணைப்புக் கொடுப்பதும்தான் அங்கே மேலே வரும். ஆய்வேட்டை எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் ஆய்வே நடக்காமல் இல்லை. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் மாட்ஸ் லானர்ஸ்டாட் 2009-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு நம் பவானிப் படுகையைக் கணிசமாகப் பேசுகிறது. வாய்க்கால் பாசனம் திட்டமிட்டது. பம்ப்செட் பாசனம் யாரும் திட்டமிடாமல் வளர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஆற்று நீரை எப்படிப் பங்கு போடுகின்றன என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. கோபியைச் சுற்றி நடப்பதை அறிய சுவீடன் வரை போக வேண்டியிருக்கிறதே என்று தோன்றலாம். போகத் தேவையில்லை, கூகுள் ஸ்காலர் போதும்.

2004-இல் வந்த இந்தத் தேடுபொறி ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வேடுகள், நூல்கள் போன்றவற்றைத் தேடித் தரும். அதில் முதலில் வரும் பட்டியலைவிட ஒவ்வொரு முடிவின் கீழும் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு இணைப்புகள்தான் எனக்கு முக்கியம். 'சைட்டட் பை' என்பதை அழுத்தினால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பின்னால் எழுதியவர்கள் எல்லோரும் வருவார்கள். மறுத்தவர்களும் அதற்குள் இருப்பார்கள். கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியல் முன்னோர்களைக் காட்டும். ஒரே ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்தால் முன்னும் பின்னும் நடந்து முழு விவாதத்தையும் பிடித்துவிடலாம். மற்றொன்று 'ஆல் வெர்ஷன்ஸ்'. பதிப்பகம் காசு கேட்கும் கட்டுரையின் இலவசப் பிரதி பல நேரம் அதற்குள் இருக்கும். அதிலும் இல்லையென்றால் அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சியைப் போட்டுப் பார்க்கலாம். கட்டுரையாளருக்கே மின்னஞ்சலும் அனுப்பலாம். முகவரி பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும், கேட்டால் தருபவர்கள் உண்டு.

என்ன சொல் போட்டுத் தேடுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஈரோடு மாவட்டம் என்று தேடினால் 1979-க்கு முந்தைய ஆய்வுகள் அகப்படாது. அதுவரை கோபி கோவை மாவட்டத்தில் இருந்தது. பிரிந்த பிறகும் சில காலம் பெரியார் மாவட்டம் என்றே பெயர். ஆகவே மூன்று பெயரிலும் தேட வேண்டும். கோபி அருகே உள்ள கொடிவேரியின் கடைசி எழுத்தை ஆங்கிலத்தில் ஐ என்று எழுதியவர்களும் உண்டு, ஒய் என்று எழுதியவர்களும் உண்டு. ஊர்ப் பெயரோடு துறைச் சொல்லையும் சேர்க்க வேண்டும்: கெனால் லைனிங், சீப்பேஜ், கிரவுண்ட்வாட்டர் ரீசார்ஜ். மஞ்சளில் கிழங்கு அழுகலா? குர்குமா லாங்கா என்ற தாவரவியல் பெயரோடு பித்தியம் என்ற நோய்க்கிருமியின் பெயரையும் போட்டால் பூச்சிமருந்து விளம்பரங்கள் விலகிவிடும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் களஞ்சியம் அது. 2009-இல் வந்த பல்கலைக்கழக மானியக்குழு விதிக்குப் பிறகு ஆய்வேடுகள் அங்கே குவியத் தொடங்கின. இயல் இயலாகப் பிரித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தரம் ஏற்ற இறக்கம்தான், ஒளிப்பானேன்! ஆனால் கள அளவீடுகளும் கேள்விப் பட்டியல்களும் இதழ்க் கட்டுரைகளில் வராத அளவுக்கு விரிவாக இருக்கும். வேளாண்மைக்கென்று தனியாக கிருஷிகோஷ் உண்டு.

பழையது வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ். கொங்குப் பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானனின் 1807 பதிப்பு மூன்று தொகுதிகளாக அங்கே உள்ளது. காதில் விழுந்தபடி ஊர்ப்பெயர் எழுதியவர் அவர், இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் சிக்க மாட்டார். பக்கத்தில் உள்ள ஆற்றின் பெயரைப் பிடித்துப் போவது மேல். நிக்கல்சனின் 1887-ஆம் ஆண்டுக் கோவை மாவட்டக் கையேடும் பாசன வரலாற்றுக்குத் தவிர்க்க முடியாதது.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. நூலகரிடம் நுழைவு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். சாட்ஜிபிடி போன்றவை தரும் கட்டுரைத் தலைப்புகளை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் பொருத்தமாகக் கொடுக்கும். 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை டிஓஐ தளத்தில் இட்டு, அதே கட்டுரைதான் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. அந்தக் காலத்துப் பொதுப்பணித் துறைக் கோப்புகள் பலவும் இன்னும் காகிதம்தான். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். ஈரோட்டில் ரயில் ஏறும் முன், நல்ல ஆய்வேடு ஒன்றின் அடிக்குறிப்புகளிலிருந்து அரசாணை எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அட்டவணையைப் புரட்டுவதிலேயே பொழுது போய்விடும்.