முதலமைச்சர் பறந்தார்... எப்படிப் பறந்தார்?

மல்காஜ்கிரியில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. வாசலில் ஆங்கில நாளிதழ், பக்கத்து வீட்டில் தெலுங்குப் பேப்பர், ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் தமிழ் வார இதழ் என்று ஒரே செய்தியை மூன்று மொழிகளில் பார்க்கலாம். அந்த வசதியைக் கொண்டு ஒரு விந்தையான ஆங்கில வினைச்சொல்லைக் கவனிப்போம். அதுதான் 'ஏர்டாஷ்'.

முதலமைச்சர் டெல்லிக்கு 'ஏர்டாஷ்' செய்தார் என்று நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை படித்திருப்போம். 'ஏர்' என்பது வான்வழி. 'டாஷ்' என்பது பாய்ந்தோடுவது. இரண்டையும் ஒட்டவைத்து, 'அவசரமாக விமானத்தில் சென்றார்' என்பதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். தலைப்பில் இடமும் மிச்சம்! லண்டன்காரரிடம் இதைச் சொன்னால் சற்று விழிப்பார். சில ஆங்கில அகராதிகள் 'இந்திய வழக்கு' என்ற குறிப்போடு இதைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. 'பிரிபோன்' என்பதும் இந்தியாவில் செழித்த சொல்தான். கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதை அலுவலகத்தில் நாமே அப்படிச் சொல்கிறோம். ஆனால் தங்கை கல்யாணத்துக்கு விமானத்தில் ஓடியவர்கூட 'ஏர்டாஷ் செய்தேன்' என்று சொல்வதில்லை. அது பத்திரிகையில் மட்டும் வாழும் சொல். மந்திரி, கட்சித் தலைவர், உயர் அதிகாரி, உயிருக்குப் போராடும் நோயாளி போன்றோருக்கே அந்த மரியாதை.

இந்தச் சொல்லுக்கு வேலை கொடுத்த ஊர்களில் நம் ஹைதராபாத்தும் ஒன்று. 1978 முதல் 1983 ஜனவரி வரை, ஐந்து ஆண்டுகளுக்குள் ஆந்திராவுக்கு நான்கு காங்கிரஸ் முதல்வர்கள்: சென்னா ரெட்டி, அஞ்சய்யா, பவனம் வெங்கட்ராமி ரெட்டி, கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி. நாற்காலியில் யார் என்பதை டெல்லி மேலிடம் முடிவு செய்த காலம் அது. பேகம்பேட்டையிலிருந்து டெல்லிக்குப் பறப்பதே அரசியலாக இருந்தது. அந்த நிலைக்கு எதிராகத் தெலுங்கரின் தன்மானம் பேசித்தான் என்.டி. ராமராவ் 1983இல் ஆட்சியைப் பிடித்தார்.

1984 ஆகஸ்டில் அவரது ஆட்சியைக் கவர்னர் ராம்லால் நீக்கியபோது, ராமராவின் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் ரயிலில் டெல்லி போய்ச் சேர, அவர்களைக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் முன் நிறுத்தினார் ராமராவ். அடுத்த மாதமே பதவி திரும்பக் கிடைத்தது. ஆந்திர அரசியலின் மிக அவசரமான பயணங்களில் ஒன்றுக்கு 'ஏர்டாஷ்' என்ற சொல் பொருந்தவில்லை பாருங்கள்!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 'விமானத்தில் போனார்' என்பது செய்தி. 'பாய்ந்தோடிப் போனார்' என்பது நிருபரின் கணிப்பு. ஒட்டிய சொல்லில் இரண்டும் கலந்துவிடுகின்றன. பயணம் உண்மையிலேயே அவசரமா, போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்கும் முன்பே, தலைவர் சுறுசுறுப்பானவர் என்ற எண்ணம் நம் மனதில் பதிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தெலுங்குப் பத்திரிகையில் தலைவர்கள் 'ஹுட்டாஹுட்டின' டெல்லி போகிறார்கள். தமிழிலோ 'டெல்லி விரைந்தார்'. சாதாரணமாகப் 'போன' தலைவரைத் தலைப்புகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

இங்கே ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயங்கள் சொல்லலாம். ஒன்று, 'ஏர்டாஷ்' பிழையான சொல் அல்ல; ஆனால் பத்திரிகைக்கு வெளியே எடுபடாது. தேர்வுக் கட்டுரையில் 'ஃப்ளூ' என்றோ 'ரஷ்ட்' என்றோ எழுதுவதே நல்லது. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே செய்தியின் தலைப்பை மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் நடந்ததைச் சொல்கிறது, எந்தச் சொல் அதற்கு வேகம் கூட்டுகிறது என்று பிரித்துக் காட்டட்டும். ஆங்கிலமும் தெலுங்கும் பழகும். கூடவே தமிழ் எழுத்தும் மறக்காமல் இருக்கும்.