சிறுவிட்ட அம்பு

சிறுவிட்ட அம்பு என்பது வழக்கமான அம்பைவிட மெல்லிய தண்டைக் கொண்ட அம்பு ஆகும். இத்தண்டு பெரும்பாலும் கரிம நாரால் (கார்பன் நார்) செய்யப்பட்ட குழலாகும். வழக்கமான கரிம நார் அம்பின் உள்விட்டம் ஏறத்தாழ 6.2 மி.மீ.; சிறுவிட்ட அம்புகளில் இது 5.2 அல்லது 4.2 மி.மீ. அளவில் இருக்கும். வில் வேட்டைக்குச் சட்டம் இடமளிக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்கும், உலகெங்கும் திறந்தவெளி இலக்கு வில்வித்தைக்கும் இவை பயன்படுகின்றன. விட்டம் குறைவது மட்டுமே நன்மை தருவதில்லை. விறைப்பு, எடை, முனை இணைப்பு ஆகியவை வில்லுக்குப் பொருந்த வேண்டும்.

விட்டமும் விறைப்பும்

நாண் விடுபடும்போது அம்பு வளைந்து, பின் அதிர்ந்தவாறே பறக்கிறது. இவ்வளைவு வில்லின் விசைக்கு ஏற்ற அளவில் இருத்தல் வேண்டும். இதனை அளக்க, 29 அங்குல நீளத் தண்டு 28 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் வைக்கப்பட்டு, நடுவில் 880 கிராம் எடை தொங்கவிடப்படுகிறது. தண்டு 0.5 அங்குலம் (12.7 மி.மீ.) தாழ்ந்தால் அதன் விறைப்பு எண் 500 ஆகும். எண் குறையக் குறைய விறைப்பு மிகும்.

குழலின் விறைப்பு, வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்து வரும் அளவைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 6.2 மி.மீ. உள்விட்டமும் 7.5 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட குழலின் விறைப்பை, அதே பொருளால் ஆன 4.2 மி.மீ. உள்விட்டக் குழல் பெற, அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 6.7 மி.மீ. ஆக வேண்டும். சுவரின் தடிமன் 0.65 மி.மீ. இலிருந்து ஏறத்தாழ 1.25 மி.மீ. ஆகிறது. தண்டின் எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. எனவே மெல்லிய அம்பு பெரும்பாலும் கனமான அம்பாகவும் இருக்கும்.

காற்றின் விளைவு

பக்கக் காற்று அம்பின் பக்கப் பரப்பைத் தாக்குகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தண்டின் பக்கப் பரப்பு சுமார் 11 விழுக்காடு குறைகிறது. எடை கூடுவதால், எடைக்கு எதிரான பரப்பின் விகிதம் சுமார் 40 விழுக்காடு குறைகிறது. இதனால் அம்பு குறைவாக விலகும். ஆயினும் கனமான அம்பு மெதுவாகச் செல்வதால் அதன் பாதை கூடுதலாகத் தாழும். தொலைவைத் தவறாகக் கணித்தால் ஏற்படும் பிழையும் மிகும்.

ஊடுருவல்

ஒரே வில்லிலிருந்து எய்யப்படும் கனமான அம்பு, வேகம் குறைந்தாலும் கூடுதல் உந்தம் பெறுகிறது. முனையின் கழுத்தைவிடத் தண்டு மெல்லியதாக இருந்தால் உராய்வும் குறையும். எனினும் முனையின் கூர்மை, அகலம், அம்பு நேராகப் பறத்தல் ஆகியவற்றின் பங்கு பெரிது. விறைப்புப் பொருந்தாத அம்பு சாய்ந்து பாய்வதால் விலங்கு உடனே இறக்காமல் காயத்துடன் தப்பியோட நேரிடும்.

முனை இணைப்பும் பாதுகாப்பும்

பரவலாக விற்கப்படும் திருகு முனைகள் 4.2 மி.மீ. குழலினுள் நேரடியாகப் பொருந்துவதில்லை. தண்டின் வாயில் ஓர் இணைப்புத் துண்டு ஒட்டப்படுகிறது. இதன் ஒரு பகுதி வெளியே நீண்டிருப்பதால், இது சற்றுக் கோணினாலும் முனை தள்ளாடும். கடினப் பொருளில் மோதும்போது வளையவும் கூடும்.

வில்லின் விசைக்குப் போதிய விறைப்பில்லாத தண்டும், விரிசல் கண்ட தண்டும் எய்யும்போதே உடைந்து வில்லாளியின் கையில் பாயக்கூடும். ஆதலால் கரிம நார் அம்பை எய்வதற்கு முன் மெல்ல வளைத்துப் பார்த்து, விரிசல் ஒலி கேட்டால் விலக்கிவிட வேண்டும்.

இலக்கு வில்வித்தையில்

உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி தண்டின் விட்டம் 9.3 மி.மீ. ஐத் தாண்டக் கூடாது. ஒலிம்பிக்கின் 70 மீட்டர் போட்டியில் காற்றே பெரும் இடர் என்பதால் மெல்லிய தண்டுகள் விரும்பப்படுகின்றன. 18 மீட்டர் உள்ளரங்கப் போட்டியில் காற்று இல்லை. அங்குக் கோட்டைத் தொடும் அம்புக்கு உயர்ந்த புள்ளி கிடைப்பதால், பலர் தடித்த தண்டுகளையே தேர்ந்தெடுக்கின்றனர்.

இந்தியாவில்

சமசுக்கிருதத்தில் 'சரம்' என்னும் சொல் நாணலையும் அம்பையும் குறிக்கும். உள்ளீடற்ற நாணலே இயற்கை தந்த குழல் தண்டு எனலாம். சந்தவாசல், ஆரணி, செங்கம் ஆகிய ஊர்கள் அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டார நடுகற்கள் சிலவற்றில் வில்லேந்திய வீரர்களின் உருவங்களைக் காணலாம்.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதன் அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. சட்டம் கூறும் சில விதிவிலக்குகளுக்கு அதிகாரிகளின் அனுமதி தேவை. சந்தவாசலை அடுத்துள்ள சவ்வாது மலைக் காடுகளுக்கும் இது பொருந்தும். எனவே இந்தியாவில் அம்புத் தேர்வு என்பது பெரும்பாலும் விளையாட்டு சார்ந்தது. ஆங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் (2023) கூட்டுவில் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்திய அணியினரே வென்றனர்.

இவற்றையும் பார்க்க

வில்வித்தை
நடுகல்
உந்தம்