உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சுக்குள் ஓடும் கரன்ட்

● நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் இதயக் கோளாறு என்றால் “ஸ்ரீ சித்ராவுக்குப் போய்ப் பாருங்க” என்பார்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம்தான் அது. தானே உருவாக்கிய இந்திய இதய வால்வை 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. வால்வு, பிளம்பர் வேலை. அங்கேயே எலக்ட்ரீஷியன் வேலையும் நடக்கிறது: தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியை இதயம்வரை ஏற்றி, கரன்ட் தப்பான வழியில் சுற்றும் இடத்தைக் கண்டுபிடித்துச் சூடு வைப்பது.

● ஈ.சி.ஜி.யில் நிமிர்ந்து நிற்கும் கொம்பு ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். டார்ச் செல்லில் 1,500-இல் ஒரு பங்கு!

● மேலறையிலிருந்து கீழறைக்கு வரும் துடிப்பு, நடுவில் ஒரு முடிச்சில் சுமார் பத்தில் ஒரு விநாடி காத்திருக்கிறது. கோளாறு இல்லை; மேலே உள்ள ரத்தம் கீழே இறங்க அவகாசம்.

● இதயத் துடிப்பை மின்சுற்றில் மாதிரி செய்து பார்த்தது மருத்துவர் அல்ல. 1928-இல் வான் டெர் போல் என்ற டச்சுக்காரர், சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, நியான் விளக்குச் சுற்றுகள் மூன்றை இணைத்து ‘இதயம்’ ஆக்கினார். இணைப்பைத் தளர்த்தியதும், மேலறையும் கீழறையும் ஒத்துப்போகாத ‘ஹார்ட் பிளாக்’ அதிலும் வந்தது.

● 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் கணவாய் மீனின் நரம்பில் ஓடும் கரன்ட்டுக்குச் சமன்பாடுகள் எழுதினார்கள். அவற்றை இதயச் செல்லுக்கு மாற்றி எழுதி 1960-இல் வெளியிட்டவர் லண்டன் மாணவர் டெனிஸ் நோபிள். பல்கலைக்கழகத்தின் ஒரே பெரிய கம்ப்யூட்டர் அவருக்குக் கிடைத்தது நள்ளிரவு 2 மணி முதல் 4 மணி வரை. பெயர்தான் நோபிள்; நோபல் பரிசில் பங்கு 1963-இல் முன்னவர் இருவருக்கும் போனது.

● திடீர் மரணத்துக்குப் பெரும்பாலும் காரணம் கீழறை நடுக்கம். நேராக ஓட வேண்டிய மின் அலை சுருளாகச் சுழன்று, உடைந்து, பல சுருளாகிவிடும். சுருள் சுழல இடம் வேண்டும். அதனால் எலியின் குட்டி இதயம் நடுங்கத் தொடங்கினாலும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஷாக் கொடுத்தாக வேண்டும்.

● அந்த ஷாக் இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்க வேண்டுமா? சிதாப்ர சின்ஹா, அஷ்வின் பாண்டே, ராகுல் பண்டிட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-இல் கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். இதயத் திசு மாதிரியின் மேல் வலைபோல் கோடுகள் போட்டு, அவற்றில் மட்டும் சிறு துடிப்புகளைச் செலுத்தினார்கள். வயலுக்கு வரப்பு கட்டியதுபோல் திசு சிறு பாத்திகளாகப் பிரிந்தது. சுழல இடமின்றிச் சுருள்கள் மடிந்தன. சின்ஹா பிறகு சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் இதய அலைகளை ஆராய்ந்தார். வரப்பு முறை இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

● வீட்டில் பழைய ஈ.சி.ஜி. தாள் இருக்கிறதா? அடுத்தடுத்த இரண்டு கொம்புகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணுங்கள். 300-ஐ அந்த எண்ணால் வகுங்கள். 4 கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு.