ஈஸ்ட்ரோஜன் வாங்கித் தரும் தவணை

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், இன்று அவர் பெயரால் பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் பற்றிச் சிறுநூல் ஒன்று எழுதினார். அதில் வரும் ஆறு நோயாளிகளும் ஆண்கள். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. ஆறு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் பிற்காலக் கணக்குகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன. இரண்டு பெண்களுக்கு இந்நோய் வந்தால், ஏறக்குறைய மூன்று ஆண்களுக்கு வருகிறது.

பெண்களுக்கு வந்தாலும் கொஞ்சம் தாமதமாகவே வருகிறது. நெதர்லாந்தில் 253 நோயாளிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தத் தவணை சுமார் இரண்டு ஆண்டுகள். பிள்ளைகள் அதிகம் பெற்றவர்களுக்கும், மாதவிலக்கு நீண்ட காலம் நீடித்தவர்களுக்கும் நோய் இன்னும் தள்ளிப்போயிருந்தது. நோய் தொடங்கும் கட்டத்தில் டோபமைன் சார்ந்த நரம்பு முனைகளும் பெண்களின் மூளையில் கூடுதலாகவே தெரிந்தன. நடையையும் கையசைவையும் சீராக வைத்திருப்பது இந்த டோபமைன்தான். அதைச் சுரக்கும் செல்கள் மடிவதால்தான் உடல் இறுகி, கை நடுங்கி, நடை குறுகுகிறது.

சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மீது சந்தேகம் விழ இன்னொரு காரணமும் உண்டு. மாதவிலக்கு நிற்கும் முன்பே அறுவைசிகிச்சையில் சூலகத்தை இழந்த பெண்களை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பார்க்கின்சன் வகை அறிகுறிகள் அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். இளவயதில் அறுவை நடந்திருந்தால் ஆபத்தும் கூடியது.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துவிடலாமே? ஹாங்காங்கில் கொடுத்தே பார்த்தார்கள். மாதவிலக்கு நின்ற 40 நோயாளிகளுக்கு எட்டு வாரம் குறைந்த அளவில் தந்ததில் அசைவுகள் ஓரளவு தேறின. பெரிய கணக்குகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் விசித்திரமான ஒரு முடிவு வந்தது: ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களில், நாளுக்கு ஆறு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்களுக்கு, காபியே தொடாதவர்களைவிட நான்கு மடங்கு ஆபத்து. இத்தனைக்கும் ஆண்களிடம் காபி இந்நோயைக் குறைப்பதாகவே தெரிகிறது!

மாத்திரையில் ஆபத்தும் உண்டு. 2002-ல் 16,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஹார்மோன் சோதனையையே அமெரிக்காவில் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவை கூடியதே காரணம். ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மார்பு பெரிதாகும் தொல்லை வேறு.

இந்த முட்டுச்சந்தில்தான் பாஸ்டனின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு சுவாரசியமாகிறது. டிஹெச்இடி என்ற மருந்து உடலெங்கும் செயலற்றுச் சுற்றி, மூளைக்குள் நுழைந்த பிறகே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. மரபணு மாற்றிப் பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கிய சுண்டெலிகளில், பெண் எலிகளுக்குக் கோளாறு தாமதமாகவும் லேசாகவும் வந்தது. மருந்து கொடுத்ததும் ஆண் எலிகளின் அசைவும் தேறியது. நரம்புச் செல்லில் கட்டிதட்டும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதமும் ஆரோக்கியமான வடிவத்துக்குத் திரும்பத் தொடங்கியது.

ஆனால் இதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. எலிகளிடம் எப்போது நோய் தொடங்கும் என்று ஆய்வாளருக்கு முன்பே தெரியும். மனிதரிடமோ கை நடுக்கம் கண்ணில் படும்போது, டோபமைன் செல்களில் கணிசமான பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.