ஆள் வராத நாளிலும் நிரை நிற்கலாகாது



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பள்ளி முடிந்து நான் புறப்படும் வேளையில், மாணவன் ஒருவனின் தாயார் கைத்தொலைபேசியோடு வந்து நின்றார். மகனுக்குரிய உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். அதற்காக அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். மூன்றாம் பக்கத்திற்கு வந்ததும், எழுதியதெல்லாம் மறைந்து முதல் பக்கமே திரும்ப வந்தது. மறுபடியும் நிரப்பினோம், மறுபடியும் அதே கதைதான். "நான்தான் சார் எதையோ தப்பா அமுக்கிட்டேன்" என்று அந்தத் தாயார் தலைகுனிந்தார்.

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இத்தகைய கோளாறு பெரும்பாலும் நம் விரலில் இல்லை. அந்தப் பக்கத்தில் கணினிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் முறையில் இருக்கிறது. அந்த முறை என்ன என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் கூட்டத்தின் அளவைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகல், சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்காக அஸ்ட்ராசெனெக்கா தடுப்பூசிப் பதிவு இணையத்தில் திறக்கப்பட்டது. இருந்த இடங்கள் 268,800. ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் அத்தனையும் நிரம்பிவிட்டன. கணக்குப் போட்டால், சராசரியாக நிமிடத்திற்கு 1,280 பேர். இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அதே மாதம் 26ஆம் நாள் நடந்த அடுத்த பதிவில் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட இடங்கள் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டி நிரம்பின. அன்று பலருக்குப் பக்கம் சரியாகத் திறக்கவில்லை. பொறுப்பு அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவரும் கிள்ளான் தோட்டத்து லயத்தில் இருப்பவரும் ஒரே நொடியில் ஒரே கதவைத் தட்டினால், ஒரே கணினி எப்படித் தாங்கும்?

ஆகவே இத்தகைய பணிகளில் வேலையை இரண்டு படியாகப் பிரிக்கிறார்கள். வாசலில் நின்று நம்மை வரவேற்பது ஒரு கணினி. அதனை வெப் சர்வர் என்பார்கள். உள்ளே இருந்து படிவத்தைச் சரிபார்த்து, கணக்கிட்டு, பதில் தயாரிப்பவை வேறு கணினிகள். அவற்றுக்கு அப்ளிகேஷன் சர்வர் என்று பெயர். வாசலில் ஒன்று நின்றால், உள்ளே இரண்டோ மூன்றோ பத்தோ இருக்கலாம்.

இது நமக்குப் புதிய ஏற்பாடு அன்று. பால்மரத் தோட்டங்களின் விடியற்காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். இருள் பிரியுமுன் எல்லாரும் களத்தில் கூடுவார்கள். பெயர் கூப்பிடப்படும். வந்தவர் யார், வராதவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். வராதவருடைய நிரையை மற்றவருக்குக் கொடுத்து அனுப்புவார்கள். ஆள் வரவில்லை என்பதற்காக மரம் வெட்டாமல் நிற்காது. வாசல் கணினிதான் இங்கே கங்காணி. உள்ளே இருப்பவை வெட்டுக்காரர்கள்.

இந்தக் கங்காணிக்கு நாம் எழுதிக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, பெயர்ப் பட்டியல்: உள்ளே யார் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய முகவரி என்ன என்பது. இரண்டாவது, பங்கு. வேறொன்றும் சொல்லாவிட்டால் முறைவைத்து ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுக்கும். வலிய கணினிக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்றும் எழுதலாம்.

மூன்றாவது, வராதவரைக் கண்டறியும் விதி. 2004ஆம் ஆண்டு ரஷ்யரான இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருள் இன்று உலகெங்கும் வாசற்காவல் செய்கிறது. நாம் வேறு எண் கொடுக்காவிட்டால், ஒரு கணினி ஒரு முறை தவறினாலே அதைப் 10 விநாடிக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, வேலையை மற்றவற்றிற்கு அனுப்பும். ஆனால் வாய் திறவாத கணினியிடம் பதிலுக்காக 60 விநாடி காத்திருப்பதும் அதன் வழக்கம். கையில் தொலைபேசியோடு நிற்பவருக்கு அறுபது விநாடி நெடுநேரம் அல்லவா? அதற்காக ஒரு விநாடியாகக் குறைத்துவிட்டால், மெதுவாக ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் கணினியையும் செத்துவிட்டதாக எண்ணி ஒதுக்கிவிடும். வேலையின் தன்மை அறிந்து எண்ணை வைக்கவேண்டும்.

நான்காவது, செக்ரோல். ஒருவர் வெட்டிய பாலின் கணக்குத் தண்டலின் மடியில் மட்டும் இருந்தால், தண்டல் வராத நாளில் கணக்கும் போயிற்று. ஆபீஸில் உள்ள செக்ரோலில் ஏறியிருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கணினியிலும் அப்படித்தான். நாம் நிரப்பிய முதல் இரண்டு பக்கங்களை உள்ளே இருக்கும் ஒரு கணினி தன்னிடமே வைத்துக்கொண்டால், நம்மை ஒவ்வொரு முறையும் அதனிடமே அனுப்பவேண்டும். அது விழுந்தாலோ, வாசல் கணினி நம்மை மறந்து வேறொன்றிடம் அனுப்பினாலோ, புதிய கணினிக்கு நாம் யாரென்றே தெரியாது. முதல் பக்கத்தைக் காட்டும். எல்லாக் கணினிகளும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் குறிப்பு இருந்தால், எது விழுந்தாலும் நான்காம் பக்கம் நான்காம் பக்கமாகவே தொடரும்.

ஐந்தாவது, மிச்ச பலம். இரண்டு கணினி வைத்திருக்கிறோம், இனிப் பயமில்லை என்று நினைப்பது பெரும் பிழை. ஒவ்வொன்றும் 100 பேரைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 60 பேர் வந்துகொண்டிருக்கையில் ஒன்று விழுந்தால், மற்றது 120 பேரைச் சுமக்கவேண்டும், அதுவும் விழும். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் சுமக்கலாகாது. மூன்று இருந்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆகாது.

சுமை இப்படிச் சரிந்து விழுவதன் கொடுமையை நாம் மின்சாரத்தில் கண்டிருக்கிறோம். 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் மாலை 5.17க்குத் திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்தின் அருகே ஒரு மின்கம்பித் தடம் துண்டித்தது. அதைத் தொடர்ந்து மற்ற நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழ, தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியது. கிள்ளானில் மெழுகுவர்த்தி தேடியவர்களில் நானும் ஒருவன். ஒன்று விழுந்ததனால் மட்டும் ஊர் இருண்டுவிடவில்லை. மற்றவை தாங்காததனாலும் இருண்டது.

ஆறாவது, திரும்ப அனுப்பலாமா என்ற கேள்வி. பக்கத்தைப் பார்க்கக் கேட்டால் இன்னொரு கணினியிடம் மறுபடி கேட்பதில் குற்றமில்லை. ஆனால் பணம் கட்டும் வேண்டுகோளை மறுபடி அனுப்பினால் இரு முறை பணம் பிடிபடலாம். முதல் கணினி பணத்தை எடுத்துக்கொண்ட பிறகு விழுந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் இத்தகைய வேண்டுகோள் ஒரு கணினிக்கு அனுப்பப்பட்டுவிட்டால், என்ஜின்எக்ஸ் அதைத் தானாகவே வேறொன்றுக்கு அனுப்புவதில்லை.

கடைசியாக, கங்காணியும் மனிதன்தான். அவருக்கும் காய்ச்சல் வரும். வாசல் கணினி ஒன்றே ஒன்றாக இருந்தால், உள்ளே பத்து இருந்தும் பயனில்லை. ஆகவே வாசலிலும் இரண்டு வைத்து, ஒன்றின் நாடியை மற்றது பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்கிறார்கள். இவ்வளவும் எழுதிவைத்தால் போதாது. ஆளில்லாத நள்ளிரவில் ஒரு கணினியை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றவை தாங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். சோதிக்காத ஏற்பாடு காகிதத்தில் எழுதிய சோறு, பசி தீர்க்காது.

நேயர்களே, இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். பணம் கட்டும்போது பக்கம் நின்றுபோனால் உடனே மறுபடி அமுக்காதீர்கள். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பதிவு எண் தெரிந்தவுடன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிரப்பியது மறைந்தால், நேரத்தைக் குறித்துவைத்து அந்த அலுவலகத்தை அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஆர்வமிருந்தால் இந்தத் தொழிலைக் கற்கச் சொல்லுங்கள். பெரட்டுக் களத்தின் கணக்கை அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது எளிதில் புரியும்.

அன்று நாங்கள் மூன்றாம் முறை நிரப்பினோம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாயாரிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன்: தப்பு உங்கள் விரலில் இல்லை, அம்மா.