தலைகீழ் எழுத்து

புதிர்ப் பக்கங்களில் விடையைத் தலைகீழாக அச்சிடும் வழக்கம் யாவரும் அறிந்ததே. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்போர் அவ்வரிகளைத் திருப்பி வைத்தால் காரியம் முடிந்தது. கணினித் திரையில் தோன்றும் வலைப்பக்கத்திலோ, அக்காரியம் நெடுநாள் எளிதாயிருக்கவில்லை. அதன் காரணத்தையும், அது கைகூடிய வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வலைப்பக்கம் அச்சிட்ட தாளன்று; கட்டளைகளோடு கூடிய எழுத்துத் தொகுதியே. அதனைப் படித்துத் திரையில் தீட்டுவது உலாவி என்னுங் கருவி. உலாவிகள் பலவாதலின், ஒரு கட்டளையை எல்லாம் ஒருங்கே அறிந்தாலன்றிப் பக்கம் எங்கும் ஒருபடித்தாய்த் தோன்றாது. 2022-இல் ஓய்வுபெற்ற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், 2000-ஆம் ஆண்டின் 5.5 பதிப்பு முதலே தனக்குரிய கட்டளையொன்றால் எழுத்தைச் சுழற்றிற்று. பிற உலாவிகள் அதனை அறியா. பின்னர் சஃபாரி 2008-லும், பயர்பாக்ஸ் 2009-லும், ஓப்பரா 2010-லும் உருமாற்றக் கட்டளையை ஏற்றன. ஆயினும் அது சோதனை நிலையிலிருந்தமையால், அவை தத்தம் அடையாளத்தை அதற்கு முன்னொட்டாகச் சேர்த்தெழுத வேண்டின. ஆகவே ஒரு சொற்றொடரைத் திருப்புதற்கு ஐந்தாறு வரிகள் எழுத நேர்ந்தது. 2012 முதல் 2015 வரையில் முதன்மையான உலாவிகள் ஒவ்வொன்றாய் முன்னொட்டை வேண்டாது விடுத்தன. இன்று, 180 பாகை சுழற்றுக என்னும் பொருளுடைய ஒரு வரியே போதும். திருப்பவேண்டிய சொல் வாக்கியத்தின் நடுவே நிற்குமாயின், அதனைத் தனிப் பெட்டியாக வகுத்தல் வேண்டும். இல்லையேல் கட்டளை பலியாது.

சுழற்றுதல் வேறு, கவிழ்த்தல் வேறு என்பதும் அறியத்தக்கது. சுழற்றிய எழுத்து, தாளைத் திருப்பினால் நேராகும். கவிழ்த்த எழுத்து நீரிற் கண்ட நிழல் போன்றது. எவ்வளவு திருப்பினும் நேராகாது.

உலாவியின் துணையை நாடாத வேறொரு வழியும் உண்டு. ஒலிநூலார் பொருட்டு யூனிகோடு என்னும் எழுத்துக் குறியீட்டில் இடம்பெற்ற சில தலைகீழ் உரோம எழுத்துக்களைத் தேடியெடுத்து, கடையிலிருந்து முதலாக அடுக்குவது அது. தமிழுக்கு அத்தகைய எழுத்துக்கள் இல்லை. இருப்பினும் அவ்வழியை யாம் விரும்போம். அது கண்ணைமட்டும் ஏய்ப்பது. கண்பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் கருவி அவ்வரிசையினின்று பொருளற்ற ஒலிகளையே எழுப்பும். தேடுபொறியும் அச்சொல்லைக் கண்டுகொள்ளாது. சுழற்றுங் கட்டளையோ தோற்றத்தை மட்டும் மாற்றி, எழுத்தை உள்ளபடியே விடுகின்றது. ஆதலின் கருவி அதனைச் செவ்வனே வாசிக்கும்.

ஆயின், அவ்வாறு வாசிக்குங்கால் வினாவை அடுத்தே விடையும் செவிப்படும்; கண்ணுடையார்க்கு மறைந்தது அவர்க்கு மறையாது. ஆகலின் புதிர் வெளியிடுவோர் விடைகளைப் பக்கத்தின் இறுதியிலே தனித்து வைப்பாராக. அங்ஙனம் செய்யின், புதிரவிழ்க்கும் இன்பம் இருதிறத்தார்க்கும் ஒப்ப உரியதாகும்.